விலையைக் கேட்பதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள்: பெருநோய்க் காலத்தில் வீடு வாங்குவோருக்கு

 

2021-இல் இரண்டாம் அலை தணிந்து, பள்ளிவாசல்களின் கதவுகள் மீண்டும் திறந்த நாட்களில், தொழுகை முடிந்து வெளியே வரும்போது என்னிடம் அடிக்கடி கேட்கப்பட்ட கேள்வி ஒன்று உண்டு. "ஹஜ்ரத், வீட்டு விலையெல்லாம் இறங்கியிருக்கிறது. இப்போது வாங்கலாமா? பரக்கத் இருக்குமா?" கேட்டவர்கள் பெரும்பாலும் நடுத்தரக் குடும்பத்தினர். பத்துப் பதினைந்து ஆண்டுகள் வாடகை வீட்டில் வாழ்ந்து, சிறுகச் சிறுகச் சேர்த்தவர்கள். அவர்களது ஆசையில் எந்தக் குற்றமும் இல்லை. விசாலமான வீடும், நல்ல அண்டை வீட்டாரும் மனிதனின் நற்பேறுகளைச் சேர்ந்தவை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்துள்ளார்கள்.

இக்கேள்விக்கு நான் உடனே ஆம் என்றோ இல்லை என்றோ விடை கூறுவதில்லை. அதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகவே இருக்கிறது. ஆயினும் பிறருக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. மதரஸா மூடப்பட்டது. ஜுமுஆ இல்லை, வசூல் இல்லை, எனது ஊதியமும் பாதியானது. அந்நிலையிலும் எங்களிடம் வீட்டுக்கென ஒதுக்கிய தொகை ஒன்று இருந்தது. தந்தை வழி வந்த நிலப் பங்கை விற்ற பணமும், என் மனைவி மனமுவந்து தந்த நகையின் விலையும் சேர்ந்தது அது. பதிவுச் செலவு போக 18 லட்ச ரூபாய். எங்கள் கடலோர ஊரில், நாங்கள் குடியிருந்த தெருவுக்கு அடுத்த தெருவில், ஓட்டு வீட்டை இடித்துக் கட்டிய ஒரு வீடு விலைக்கு வந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் அதற்கு 24 லட்சம் கேட்டார்கள். செப்டம்பரில், பள்ளிவாசல்கள் முதன்முறையாக மீண்டும் திறந்த சமயத்தில், 18 லட்சத்துக்கு இறங்கியிருந்தது.

நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அல்லாஹ் எங்களுக்காகவே இறக்கிய விலை என்று எண்ணினேன். தரகர் என்னிடம், "ஹஜ்ரத், இப்போது ரொக்கம் கையில் வைத்திருப்பவர்தான் ராஜா. பத்து நாள் பேசாமல் இருங்கள். 17-க்கு வந்துவிடும்" என்றார். நான் பேசாமல் இருந்தேன். ஏன் இந்த வீடு இந்த விலைக்கு வந்தது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

பத்தாம் நாள் வீடு கைமாறிவிட்டது. வெளியூர் வணிகர் ஒருவர் பதினேழரை லட்சத்துக்கு வாங்கிவிட்டார். அதன்பிறகே என் மனைவி வழியாக விவரம் தெரிந்தது. அந்த வீட்டுக் காக்கா வளைகுடாவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். வேலை போய்த் திரும்பி வந்தவர். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த வீடு அவர் தம் மகளுக்கென்று கட்டியது. அவருடைய மனைவியின் மருத்துவமனைச் செலவுக்காக விற்றிருக்கிறார். "ஹஜ்ரத் வாங்கினால் நம் வீட்டில் குர்ஆன் ஓதப்படும்" என்று சொல்லி, முதலில் வந்த இருவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, என் பதிலுக்காக ஒரு வாரம் காத்திருந்தாராம். நானோ ஒரு லட்ச ரூபாய்க்காகக் காத்திருந்தேன்.

நாங்கள் இன்றும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். வீடு கைநழுவியதை விட, என் சகோதரர் கஷ்டத்தில் இருந்தபோது நான் மௌனத்தைப் பேரம் பேசும் கருவியாக்கியதே இன்றும் உறுத்துகிறது. அதிலிருந்து நான் கற்றுக்கொண்டதே இக்கட்டுரையின் சாரம்: பெருநோய்க் காலத்தில் வீடு வாங்கச் செல்பவர், விலையைக் கேட்பதற்கு முன் காரணத்தைக் கேட்க வேண்டும். இது மறுமைக்கு மட்டுமல்ல, பத்திரத்துக்கும் பாதுகாப்பு.

மலிவுக்குப் பின்னால் இருப்பவர்கள்

சாதாரண நாட்களில் மனிதர்கள் வீட்டை விற்பதற்குப் பல காரணங்கள் இருக்கும். பெரிய வீட்டுக்கு மாறுவார்கள், பிள்ளைகள் இருக்கும் ஊருக்குச் செல்வார்கள். பெருநோய்க் கால விற்பனைகளில் பெரும் பகுதிக்கு வேறு காரணங்கள் இருந்தன. வெளிநாட்டு வேலை போனது, கடை மூடிக் கிடந்தது, மருத்துவக் கடன், வங்கித் தவணை நின்றது, ஒத்திப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியது, குடும்பத் தலைவர் வஃபாத் ஆனது. இவை ஒவ்வொன்றும் விலையை இறக்கும். ஒவ்வொன்றும் வாங்குபவருக்குத் தனித்தனிச் சிக்கலையும் கொண்டுவரும்.

நிர்ப்பந்தத்துக்கு ஆளானவரிடம் வாங்குவதைப் பற்றிய எச்சரிக்கை ஒன்று அலீ (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடரில் குறை இருப்பதாக ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறுகிறார்கள். கடன் தீர்க்க ஒருவர் தாமாக முன்வந்து விற்றால் அவ்வியாபாரம் செல்லும் என்பதே ஃபிக்ஹ் அறிஞர்களில் பெரும்பாலோரின் கருத்து. ஆகவே, கஷ்டத்தில் இருப்பவரிடம் வீடு வாங்குவது ஹராம் என்று நான் கூறவில்லை. வாங்க ஆள் இல்லாவிட்டால் அவருடைய துன்பம் கூடவே செய்யும். ஊரில் நிலவும் விலைக்கு வாங்குவது அவருக்கு உதவி. அவருடைய நெருக்கடி எவ்வளவு ஆழமானது என்று அறிந்து, அதன் ஆழத்துக்கு ஏற்ப விலையை இன்னும் அழுத்துவதே பிழை. முதலாவது சந்தையின் இறக்கம். இரண்டாவது நம் கையால் நாம் இறக்குவது.

புகாரியில் இடம்பெற்ற ஒரு நிகழ்ச்சியை நினைவுகூருங்கள். அபூராஃபிஉ (ரலி) அவர்கள், ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் வளாகத்துக்குள் இருந்த தம்முடைய இரு குடியிருப்புகளை விற்க முன்வந்தார்கள். ஸஅத் (ரலி) நாலாயிரத்துக்கு மேல் தர இயலாது, அதுவும் தவணையாகத்தான் என்றார்கள். பிறர் 500 பொற்காசுகள் தரத் தயாராக இருந்தும், அண்டை வீட்டாருக்கே முன்னுரிமை என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டிருந்ததால், அபூராஃபிஉ (ரலி) குறைந்த தொகைக்கே அவருக்குத் தந்தார்கள். வீட்டு விற்பனையில் விலைக்கு மேலும் ஒன்று உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. விற்பவர் அண்டை வீட்டாருக்காக விட்டுக்கொடுத்தார். வாங்குபவர் விற்பவருக்காகச் சிறிது விட்டுக்கொடுத்தால் என்ன?

அச்சாரப் பணம்

2020 ஜனவரி, பிப்ரவரியில் கிரய ஒப்பந்தம் எழுதி முன்பணம் கொடுத்தவர்கள் பலர், மூன்று மாதக் கெடு முடியும் நேரத்தில் ஊரடங்கில் சிக்கினார்கள். பேருந்து இல்லை, சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை நடக்கவில்லை, வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பணமும் வரவில்லை. "கெடு தாண்டிவிட்டது, அட்வான்ஸ் திரும்ப வராது" என்று சிலர் கூறிவிட்டனர்.

அச்சாரத்தைப் பறிமுதல் செய்யும் நிபந்தனையை ஹனஃபி, மாலிகி, ஷாஃபிஈ மத்ஹபுகள் ஏற்கவில்லை. ஹன்பலி மத்ஹபில் அதற்கு இடம் உண்டு. கடலோர ஊர்களில் ஷாஃபிஈகளாகவும் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபிகளாகவும் வாழும் தமிழ் முஸ்லிம்கள், பணம் வரும் இடத்தில் மட்டும் மத்ஹபை மறந்துவிடுவது விந்தையானது. அதிலும், வாங்குபவரின் தவறால் அன்றி ஆபத்தால் நின்றுபோன வியாபாரம் இது. விற்ற பழங்கள் பேரிடரால் அழிந்துவிட்டால், எந்த நியாயத்தில் உன் சகோதரனின் பொருளை எடுப்பாய் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கேட்டதை முஸ்லிமில் காண்கிறோம். பழத்துக்கே இந்த விதி என்றால், ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்புக்கு?

இனி ஒப்பந்தம் எழுதுவோர், அரசு அறிவிக்கும் ஊரடங்கு நாட்கள் கெடுவில் சேராது என்றும், அலுவலகம் மூடப்பட்டால் முன்பணம் முழுமையாகத் திருப்பித் தரப்படும் அல்லது கெடு நீளும் என்றும் தெளிவாக ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கவும், சாட்சிகளை ஏற்படுத்தவும் கட்டளையிடும் வசனம் (2:282) குர்ஆனிலேயே மிக நீளமான வசனமாக இருப்பது தற்செயல் அன்று.

அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டி முடிக்கும் முன்பே வாங்குவோர் கூடுதல் தாமதத்தையும் எதிர்பார்க்க வேண்டும். 2020 மார்ச் 25-க்குப் பின் முடிய வேண்டிய திட்டங்களுக்கு 6 மாத நீட்டிப்பு வழங்குமாறு மத்திய அரசு அவ்வாண்டு மே மாதத்திலேயே அறிவுறுத்திவிட்டது. அதுவரை வாடகையும் தவணையும் ஒருசேரக் கட்டும் வலிமை உங்களுக்கு உண்டா என்று கணக்கிடுங்கள்.

கையெழுத்திடுபவர் யார்?

பெருநோய்க் காலம் பத்திரங்களில் இரண்டு சிக்கல்களைப் பெருக்கியிருக்கிறது. ஒன்று, விற்பவர் தொலைவில் இருப்பது. மற்றொன்று, விற்க வேண்டியவர் உலகிலேயே இல்லாதிருப்பது.

வளைகுடாவில் இருப்பவர் ஊருக்கு வர இயலாமல், தம்பிக்கோ மைத்துனருக்கோ 'பவர்' எழுதிக் கொடுக்கிறார். இந்தியத் தூதரகத்தில் கையொப்பமிட்டு அனுப்பப்படும் அந்த ஆவணம், இங்கு வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் உரிய முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். பவர் கொடுத்தவர் வஃபாத் ஆகிவிட்டால் அந்தப் பவரும் அத்துடன் முடிந்துவிடும். அதனால்தான் பத்திரப் பதிவின்போது, பவர் கொடுத்தவர் உயிருடன் இருப்பதற்கான சான்றைக் கேட்கிறார்கள். இதை வெற்றுச் சடங்காக எண்ணாதீர்கள். நேற்று நலமாக இருந்தவர் இன்று ஜனாஸாவாகும் காலத்தைக் கண்டோம். பதிவு நாளன்று காலையில் காணொலி அழைப்பில் உரியவரிடமே பேசி, "இந்த விலைக்கு, மனமொப்பி விற்கிறீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். பவர் பெற்றவர் சொன்ன விலை ஒன்றாகவும், உரியவருக்குச் சென்ற தொகை வேறாகவும் இருந்ததால் முறிந்த உறவுகள் பல.

இரண்டாவது இன்னும் கனமானது. தந்தை இந்நோயில் வஃபாத் ஆகிவிட்டார். மூத்த மகன் தாய்ப் பத்திரத்தை எடுத்து வந்து விலை பேசுகிறார். விலை நயமாக இருக்கிறது. இங்கு நிதானியுங்கள். ஒருவர் இறந்த கணமே அவருடைய சொத்து வாரிசுகள் அனைவருக்கும் உரியதாகிவிடுகிறது. ஆயினும் பங்கீட்டுக்கு முன் அவருடைய கடனும் மரண சாசனமும் நிறைவேற்றப்பட வேண்டும் (4:11, 12). மனைவி, ஒரு மகன், இரு மகள்கள் மட்டும் இருந்தால், வீட்டை 32 பங்காகப் பிரித்து மனைவிக்கு 4, மகனுக்கு 14, மகள்களுக்குத் தலா 7. இறந்தவரின் பெற்றோர் உயிருடன் இருந்தால் அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஆறில் ஒரு பங்கு உண்டு. கணக்கும் மாறும். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழில் உள்ள ஒவ்வொரு பெயரும் பத்திரத்தில் கையொப்பமிட வேண்டும். "தங்கச்சிகளுக்கு நான் பிறகு கொடுத்துவிடுவேன்" என்ற சொல்லை நம்பி வாங்குபவர், தங்கைகளின் உரிமையை விலை கொடுத்துப் பறிப்பதற்குத் துணை போகிறார். பிறர் நிலத்தில் ஒரு சாண் அபகரித்தாலும் ஏழு பூமிகள் கழுத்தில் மாலையாக்கப்படும் என்ற எச்சரிக்கை (புகாரி, முஸ்லிம்) அபகரித்தவருக்கு வந்தது. அறிந்தே துணை போனவர் அதைக் கேட்டும் கவலையின்றி உறங்க முடியுமா?

வாரிசுகளில் சிறுவர்கள் இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. பெருநோய்க் காலத்தில் இளம் வயதுத் தந்தையர் பலரை இழந்தோம். இந்திய நீதிமன்றங்கள் பின்பற்றும் முஸ்லிம் சட்டப்படி, சிறுவரின் சொத்துக்குப் பாதுகாவலர் தந்தை, தந்தை நியமித்தவர், தந்தையின் தந்தை, அவர் நியமித்தவர் ஆகியோரே. தாய்க்குப் பிள்ளைகளை வளர்க்கும் உரிமை உண்டு. ஆனால் தாயோ, அண்ணனோ, சிறிய தந்தையோ தாமாகவே சிறுவரின் அசையாச் சொத்தை விற்றால் அந்தப் பங்கின் விற்பனை செல்லாது. இந்நிலைப்பாடு 1918-இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பிலேயே உறுதியானது. மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி பெறாமல், "அம்மா கையெழுத்துப் போட்டால் போதும்" என்று கூறும் தரகரை நம்பாதீர்கள். பிள்ளை வயதுக்கு வந்து வழக்குத் தொடுக்கும் நாளில் தரகர் இருக்க மாட்டார். சட்டத்துக்கு மேலாக, அநாதைகளின் பொருளை அநியாயமாக உண்பவர்கள் தங்கள் வயிறுகளில் நெருப்பையே நிரப்புகிறார்கள் என்று அல்லாஹ் எச்சரிக்கிறான் (4:10).

இத்தாவில் இருக்கும் பெண்ணின் வீட்டுக்கு விலை பேசச் செல்வதையும் தவிர்ப்போம். கணவரை இழந்த பெண், கர்ப்பிணியாக இல்லாவிடில், நான்கு மாதமும் பத்து நாளும் காத்திருக்கிறாள் (2:234). தான் வாழ்ந்த வீட்டிலேயே தவணை முடியும்வரை தங்குமாறு ஃபுரைஆ (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கூறியதை அபூதாவூத், திர்மிதி நூல்களில் காண்கிறோம். அந்த வீட்டின் சுவரை அளக்க அந்த நாட்களிலா செல்வது?

ஈரம் மறைத்த சுண்ணாம்பு

நோய்த்தொற்று அச்சத்தால் பலர் வீட்டை அலைபேசிக் காணொலியில் பார்த்தே விலை பேசினார்கள். காணொலியில் வாடை தெரியாது, சுவரின் ஈரம் தெரியாது, கிணற்று நீரின் உப்புத் தெரியாது. முகக்கவசம் அணிந்து, கூட்டமின்றி, நேரில் இரண்டு முறையேனும் பாருங்கள். ஒருமுறை மழை பெய்யும்போது பாருங்கள். கோடையில் வெள்ளையடித்த சுவர் ஐப்பசியில்தான் உண்மை பேசும். காற்றோட்டம் உண்டா, வீட்டில் ஒருவர் நோயுற்றால் ஒதுங்கியிருக்கத் தனி அறையும் கழிவறையும் உண்டா என்று பார்க்க வேண்டியதைப் பெருநோய்க் காலத்தில் நாம் அனைவரும் கற்றுக்கொண்டோம்.

விற்பவருக்கும் இதில் பாடம் உண்டு. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கண்டித்தார்கள் (முஸ்லிம்). கசியும் கூரைக்கு வண்ணம் பூசுவதும், பொதுச் சுவர் தகராறை மறைப்பதும், ஒத்திக்காரர் உள்ளே இருப்பதைச் சொல்லாமல் விடுவதும் அதே ஈரத் தானியம்தான். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டு. மறைத்துப் பொய் சொன்னால் பரக்கத் அழிக்கப்படும் (புகாரி, முஸ்லிம்). தொடக்கத்தில் கண்ட "பரக்கத் இருக்குமா?" என்ற கேள்விக்கு, நபிமொழியிலேயே நேரடி விடை இது.

இன்னொன்று. "அந்த வீட்டில் கொரோனாவில் மௌத் ஆகிவிட்டார்கள், ராசியில்லாத வீடு" என்று பேச்சைக் கிளப்பி விலையை இறக்கினார்கள். சகுனம் பார்ப்பது நம் மார்க்கத்தில் இல்லை. துயருற்ற குடும்பத்திடம் மூடநம்பிக்கையைக் காட்டித் தள்ளுபடி கேட்பது இரட்டைப் பாவம்.

பதிவுச் செலவையும் மறவாதீர்கள். தமிழ்நாட்டில் 2021-இல் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடாகவும், பதிவுக் கட்டணம் 4 விழுக்காடாகவும் இருந்தன. அப்போது 18 லட்சத்துக்கு ஏறத்தாழ 2 லட்சம் ஆனது. இதைத் தவிர்க்க, உண்மை விலையை மறைத்து வழிகாட்டி மதிப்பை மட்டும் பத்திரத்தில் எழுதுகிறார்கள். அது பொய்ச் சாட்சியம். நாளை கிரயம் ரத்தாகும் நிலை வந்தால், பத்திரத்தில் எழுதிய தொகைக்கு மேல் கொடுத்ததை உங்களால் மெய்ப்பிக்கவும் இயலாது. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையத்தளத்திலேயே பார்க்கலாம். ஆனால் வாய்மொழி ஒத்தியும் பதிவாகாத ஒப்பந்தமும் அதில் வராது. அவற்றைத் தெருவாரிடமும் ஜமாஅத்திடமும்தான் கேட்க வேண்டும். வக்ஃபு நிலமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

வட்டியின் ஓய்வும் இறைவனின் அவகாசமும்

வீட்டுக் கடன் வட்டி 7 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது, இதைவிட நல்ல நேரம் வராது என்று 2021-இல் வங்கிகள் அழைத்தன. வட்டியை அல்லாஹ் விலக்கியிருக்கிறான் (2:275) என்பதை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கணக்கை மட்டும் பாருங்கள். 20 லட்சம் கடன், 7 விழுக்காடு, 20 ஆண்டுகள் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 15,500 ரூபாய். மொத்தம் 37 லட்சத்துக்கு மேல். அதுவும் மாறும் வட்டி. இன்று இறங்கியது நாளை ஏறலாம்.

ரிசர்வ் வங்கி 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை 6 மாதங்களுக்குத் தவணையை ஒத்திவைக்க அனுமதித்தது. மக்கள் அதைச் சலுகை என்று எண்ணினார்கள். தவணை நின்றது. வட்டி நிற்கவில்லை. மேற்சொன்ன கடனுக்கு 6 மாத வட்டி மட்டும் ஏறத்தாழ 70 ஆயிரம். வட்டிக்கு மேல் வட்டி கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் தீர்ப்பளித்தது. ஆனால் அடிப்படை வட்டியைத் தள்ளுபடி செய்ய மறுத்துவிட்டது. இதன் அருகில் அல்லாஹ்வின் கட்டளையை வைத்துப் பாருங்கள்: கடனாளி சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள், தர்மமாக விட்டுவிடுவது உங்களுக்கு இன்னும் சிறந்தது (2:280-இன் கருத்து). வங்கி தந்த அவகாசத்துக்கு விலை உண்டு. இறைவன் கற்பித்த அவகாசத்துக்குக் கூலி உண்டு.

நம்மவர்கள் வட்டியைத் தவிர்க்க ஒத்தியை நாடுகிறார்கள். சென்னையில் இதை 'லீஸ்' என்பர். நாலைந்து லட்சத்தைக் கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, முழுத் தொகையையும் திரும்பப் பெறுவது. கடன் கொடுத்து அதற்குப் பகரமாகப் பயன் அடைவதால் இதுவும் வட்டியின் சாயல் கொண்டது என்றே உலமாக்கள் பலர் கூறுகிறார்கள். பெருநோய்க் காலம் அதன் மற்றொரு ஆபத்தைக் காட்டியது. வீட்டுக்காரர் ஒத்திப் பணத்தைச் செலவழித்துவிட்டார், திருப்பித் தர வழியில்லை, வீட்டை விற்கிறார். ஒத்திக்காரர் பணத்துக்காக வெளியேற மறுக்கிறார். இடையில் வாங்குபவர் மாட்டிக்கொள்கிறார். ஒத்திக் கணக்கு மூவர் முன்னிலையில் தீராமல் கிரயத் தொகையை ஒப்படைக்காதீர்கள்.

வட்டியின்றி வாங்க வழி உண்டு. அது மெதுவான வழி. விற்பவருடன் தவணை பேசலாம். ஒரு பகுதியை உடனும் எஞ்சியதை ஓரிரு ஆண்டுகளிலும் கூடுதல் இன்றித் தருவதாக எழுதி, சாட்சி வைத்து வாங்கலாம். ஸஅத் (ரலி) வாங்கியதும் தவணையில்தான். ஆனால் உங்கள் வருமானம் உறுதியாக இல்லாத நேரத்தில் பெரிய கடனைச் சுமக்காதீர்கள். மூன்று தீனார் கடன் வைத்து இறந்தவருக்கு நபி (ஸல்) அவர்கள் ஜனாஸா தொழுகை நடத்தத் தயங்கி, அபூகதாதா (ரலி) அக்கடனைப் பொறுப்பேற்ற பின்பே தொழுவித்தார்கள் (புகாரி). மரணம் அவ்வளவு அருகில் வந்ததைக் கண்ட பின், அந்த மூன்று தீனார் நம் நினைவில் நிற்கட்டும்.

மஹல்லாவின் கடமை

இறுதியாக, வீடு வாங்கும் வசதியுள்ள சகோதரர்களிடமும் ஜமாஅத் பொறுப்பாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். நம் மஹல்லாவில் ஒருவர் நெருக்கடியால் வீட்டை விற்கிறார் என்று கேள்விப்பட்டால், நம் முதல் கேள்வி "என்ன விலை?" என்பதாக இருக்கிறது. "எவ்வளவு இருந்தால் விற்காமல் தப்பிக்கலாம்?" என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். பல நேரங்களில் 18 லட்சம் பெறும் வீடு 3 லட்சம் கடனுக்காக விலைபோகிறது. நான்கு பேர் சேர்ந்து அழகிய கடன் கொடுத்தால் அந்த வீடு அந்தப் பெண்ணுக்கே நிற்கும். பைத்துல்மால் இயங்கும் ஊர்களில் இதற்கெனத் தனி ஏற்பாடு செய்யலாம். அது இல்லாத ஊர்களில், ஜமாஅத்தார் சிலர் கூடி உட்கார்ந்தாலே பாதி வீடுகள் தப்பும். சிரமத்தில் இருப்பவருக்கு அவகாசம் அளிப்பவரை அல்லாஹ் தன் நிழலில் வைப்பான் என்ற நற்செய்தி (முஸ்லிம்) நம் ஊர்ச் செல்வந்தர்களுக்காகக் காத்திருக்கிறது.

விற்றே ஆகவேண்டும் என்றால், வாங்குங்கள். ஊர் விலைக்கு வாங்குங்கள். வாரிசுகளை எண்ணி, குறைகளைக் கேட்டு, முழுத் தொகையையும் எழுதி வாங்குங்கள். முடிந்தால், அவர்கள் வேறிடம் பார்க்கும்வரை ஓரிரு மாதம் அங்கேயே இருக்க விடுங்கள். இதற்கெல்லாம் சில ஆயிரங்கள் கூடுதலாகலாம். அது நீங்கள் கேட்ட பரக்கத்தின் விலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காக்காவை நான் ஜமாஅத் தொழுகையில் இப்போதும் பார்க்கிறேன். வரிசையில், சலாம் கொடுத்துத் திரும்பும்போது அவர் முகம் தெரியும். என்னைப் பார்த்துப் புன்னகைப்பார். அல்லாஹ் அவருடைய மனைவிக்குச் சுகத்தைத் தந்தான், அல்ஹம்துலில்லாஹ். ஒருநாள் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் நஸீபு, ஹஜ்ரத். என் பெண்ணுக்கு துஆ செய்யுங்கள்" என்று மட்டும் சொன்னார். செய்து வருகிறேன். நீங்களும் செய்யுங்கள்.

யா அல்லாஹ்! வீடிழந்தவர்களுக்கு அதைவிடச் சிறந்ததைப் பகரமாகக் கொடுப்பாயாக. வீடு தேடுபவர்களுக்கு ஹலாலான வீட்டையும் நல்ல அண்டை வீட்டாரையும் அருள்வாயாக. பிறர் துயரத்தில் எங்கள் ஆதாயத்தைத் தேடும் எண்ணத்திலிருந்து எங்கள் உள்ளங்களைக் காப்பாயாக. ஆமீன்.